மர்மக் காய்ச்சல் என்று ஒரு காய்ச்சல் கிடையாது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நேரத்தில், நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரு சொல் தவறாமல் முளைக்கும்: மர்மக் காய்ச்சல். "மர்மக் காய்ச்சலுக்கு இளம்பெண் பலி", "மர்மக் காய்ச்சலால் கிராம மக்கள் பீதி". நாலு நாள் கழித்து சுகாதாரத் துறை முகாம் போடும், கொசு மருந்து அடிப்பார்கள், செய்தி அடங்கிவிடும். அடுத்த வருஷம் அதே மார்கழி, அதே சொல்.

அந்தச் சொல்லை அப்படியே விழுங்க எனக்கு மனமில்லை. காய்ச்சலில் மர்மம் ஏதும் இருப்பதில்லை. ஒரு கிருமி, ஒரு பூச்சி, ஒரு உடம்பு, ஒரு தேதி, இவ்வளவுதான். யாரும் உற்றுப் பார்க்காதபோது, அல்லது பார்க்க வேண்டிய நாள் கடந்துபோனபோது, அதற்கு மர்மம் என்று பெயர் வைக்கிறோம். வேலூர், காட்பாடி, ஆம்பூர் பக்கம் இந்தக் கதைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைச் சொல்வதற்கு முன் ஒருமுறை அமெரிக்கா போய்வர வேண்டும்.

லைம் என்று ஒரு ஊர்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓல்டு லைம் என்று ஒரு சிறிய ஊர். 1975ஆம் வருஷம் அந்த வட்டாரத்தில் பாலி மரே என்ற பெண்மணி மாநில சுகாதாரத் துறைக்கு போன் போட்டார். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பல வருஷங்களாக மூட்டு வீக்கம், தோல் தடிப்பு, காய்ச்சல். பார்க்காத டாக்டர் இல்லை. எல்லாம் மனப்பிரமை என்றுகூடச் சொல்லியிருந்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும் புகார் சொன்னார். அவர் மகளுக்குச் சிறார் முடக்குவாதம் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்து வீடுகளிலும் அதே சீட்டோடு பிள்ளைகள் இருந்ததை அந்தத் தாய் கவனித்துவிட்டார். முடக்குவாதம் ஒட்டுவாரொட்டி இல்லையே, ஒரே தெருவில் எப்படி இத்தனை பேர்?

யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் என்ற இளம் மருத்துவர் விசாரிக்க வந்தார். 1977இல் வெளியான அவர் குழுவின் கட்டுரையில் 51 பேர்: 39 குழந்தைகள், 12 பெரியவர்கள். மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு உடம்பில் ஒரு சிவப்பு வட்டம் பரவியதாக அவர்களில் 13 பேருக்கு நினைவிருந்தது. அந்த வட்டம்தான் சாவி. காட்டு மான்கள் திரியும் ஊர் அது. மான் மேல் இருக்கும் சின்ன உண்ணி கடித்த இடம் அந்த வட்டம். 1982இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணியின் வயிற்றில் சுருள் வடிவ பாக்டீரியாவைக் கண்டதாக அறிவித்தார். அது பிறகு அவர் பெயராலேயே பொரீலியா பர்க்டார்ஃபெரி ஆனது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்றுதான். நோயைக் கண்டுபிடித்த முதல் கருவி நுண்ணோக்கி அல்ல, இரண்டு தாய்மார்களின் ஞாபகம். தேதி, தெரு, வீக்கம், வட்டம் என்று கணக்கு வைத்திருந்த ஞாபகம். அதைக் காதில் வாங்கிக்கொள்ள ஒரு டாக்டர் கிடைத்த பிறகுதான் ஆய்வகத்துக்கு வேலை வந்தது.

நம்ம ஊர்ப் பூச்சி

சரி, இதுக்கும் காட்பாடிக்கும் என்ன சம்பந்தம்? லைம் நோய் இந்தியாவில் அரிது. ஆனால் அதே ஜாடையில் ஒரு நோய் நம் வரப்போரத்தில், வேலிப் புதரில், ஆடு மேயும் கரட்டில் காத்திருக்கிறது. பெயர் ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். உண்மையில் கடிப்பது உண்ணிகூட இல்லை, அதைவிடச் சின்னச் சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, செம்மஞ்சள் நிறம், கண்ணுக்குத் தெரியாது, கடித்தாலும் வலிக்காது. எலிகளின் மேல் வாழ்கிற இது, விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் ஒதுங்கவும் புதருக்குள் போகிற மனிதர் மேலும் ஏறிக்கொள்ளும். கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுசுகாமுஷி. ஜப்பானில் நீகாட்டா பக்கத்து ஆற்றங்கரை விவசாயிகள் காலங்காலமாக அறிந்த நோய் அது. 'முஷி' என்றால் அவர்கள் மொழியில் பூச்சி. ஆபத்தான பூச்சி என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

தமிழருக்கும் இது புதிதில்லை. 1920களில் மலாயாவில் காடழித்துப் போட்ட எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் ஒரு விதக் காய்ச்சல் பரவியது. அன்றைய மலாயாத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதி யார் என்று சொல்லவேண்டியதில்லை. கோலாலம்பூர் ஆய்வுக் கழகத்தில் வில்லியம் ஃப்ளெட்சரும் அவர் சகாக்களும் அதை ஆராய்ந்தார்கள். அவர்களிடம் இருந்த பரிசோதனை வெய்ல்-ஃபீலிக்ஸ், 1916இல் வந்தது. நோயாளியின் ரத்த நீரைப் புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவோடு கலந்து, திரிகிறதா என்று பார்ப்பார்கள். நகரத்துக் காய்ச்சல்காரரின் ரத்தம் ஒரு வகைப் புரோட்டியஸைத் திரித்தது. தோட்டத்துக் காய்ச்சல்காரரின் ரத்தம் கிங்ஸ்பரி என்பவர் லண்டனிலிருந்து கொண்டுவந்த இன்னொரு வகையை மட்டும் திரித்தது. ஓ.எக்ஸ்.கே. என்று இன்றும் பரிசோதனைச் சீட்டில் வருகிறதே, அந்த 'கே' அவர் பெயரின் முதலெழுத்து. ஒரே பெயரில் கிடந்த இரண்டு நோய்கள் இப்படித்தான் பிரிந்தன.

இரண்டாம் உலகப்போரில் பர்மாவிலும் இம்பால் பக்கத்திலும் சிப்பாய்களை இந்தக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. 1948இல் ஜோசப் ஸ்மேடலின் அமெரிக்கக் குழு மலாயாவில் குளோரம்ஃபெனிகால் கொடுத்துப் பார்த்தது, நோய் அடங்கியது. அங்கே ஒரு வேடிக்கையும் நடந்தது. ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்த ஆட்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அதுவும் குணமாயிற்று! டைபாய்டுக்கு மருந்து கிடைத்ததே ஒரு தவறான நோய்க்கணிப்பால்தான்.

அதன் பிறகு இந்த நோயைப் பற்றிய பேச்சு குறைந்தது. பாடப்புத்தகத்தில் சில வரிகளாகச் சுருங்கியது. தலைமுறை மாறியது, டாக்டர்கள் மறந்துபோனார்கள். 2001 அக்டோபர் தொடங்கி 2002 பிப்ரவரி வரை, குளிர் மாதங்களில் காரணம் பிடிபடாத காய்ச்சலோடு வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர்களிடம் இதைக் கண்டு அங்குள்ள மருத்துவர்கள் கட்டுரை எழுதினார்கள். பூச்சி எங்கேயும் போயிருக்கவில்லை. தேடுகிற கண்தான் போயிருந்தது.

கருப்புப் பொருக்கு

லைமுக்குச் சிவப்பு வட்டம் போல, இதற்கும் உடம்பில் ஒரு கையெழுத்து உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. டாக்டர்கள் எஸ்கார் என்பார்கள். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளியே சொல்லமாட்டார். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வந்திருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவே வேண்டாம், அன்றே மருந்தைத் தொடங்கலாம். டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, மலிவான மாத்திரை போதும். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

பொருக்கு எங்கே இருக்கும் என்பதுதான் சிக்கல். அந்தப் பூச்சி மெல்லிய தோலையும் உடை இறுக்கும் இடத்தையும் தேடிப் போகும். சி.எம்.சி. மருத்துவர்கள் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து 2013இல் எழுதினார்கள்: ஆண்களுக்கு அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பெண்களுக்கு மார்பும் வயிறும்தான் அதிகம். அதாவது மார்பின் அடிமடிப்பு, பாவாடை நாடா இறுகும் இடுப்பு. சாயங்காலம் கூட்டம் நெரிகிற கிளினிக்கில், ஸ்டூலில் உட்காரவைத்து, நாடி பிடித்து, "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்டு ஒரு ஊசி போட்டு அனுப்புகிற இரண்டு நிமிஷத்தில் இது கண்ணில் படுமா? ஆண் டாக்டர் கேட்கக் கூச்சப்படுவார், பெண் காட்டக் கூச்சப்படுவாள். நடுவில் கிருமிக்கு நாலு நாள் கிடைத்துவிடும்.

இந்தக் கூச்சத்துக்கும் வேலூர் மருத்துவத்தின் பிறப்புக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், 1890களில் திண்டிவனத்தில் தன் தகப்பனார் வீட்டில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவிக்கும் பிரசவ வேதனை. "நான் டாக்டர் இல்லை, அப்பா வருவார்" என்றார் ஐடா. அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிறகு ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் வளர்ந்து இன்றைய சி.எம்.சி. ஆனது. அந்தக் கதையைப் பெரும்பாலும் தியாகக் கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அதில் படுவது, பார்க்க முடியாத உடம்புக்கு வைத்தியம் கிடையாது என்கிற எளிய உண்மை. நூற்றி முப்பது வருஷம் கழித்தும், மார்பின் கீழ் ஒளிந்த ஒரு பொருக்கு அதே உண்மையைச் சொல்கிறது.

1964: முடங்கிய ஊர்

இப்போது மூட்டு வலிக்கு வருவோம். 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் சிக்குன்குனியா பரவியது. வேலூருக்கும் வந்தது. தான்சானியாவின் மகொண்டே மொழியில் அந்தப் பெயருக்கு உடம்பை வளைத்து முடக்குவது என்று பொருள். சி.எம்.சி.யில் அப்போது வைரஸ் ஆய்வு நடந்துகொண்டிருந்ததால், டொனால்டு கேரி, ரூத் மையர்ஸ் ஆகியோரின் குழு நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வைரஸைப் பிரித்துப் பார்த்தது. ஒரே ஊரில், ஒரே பருவத்தில், சிக்குன்குனியாவும் டெங்குவும் சேர்ந்தே உலவியது தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே கொசு, இரண்டுக்கும் காய்ச்சல், இரண்டுக்கும் உடம்பு வலி. பரிசோதனை இல்லாமல் வெறும் கண்ணால் பிரிக்க முடியாத இரட்டையர்கள்.

1973க்குப் பிறகு சிக்குன்குனியா இந்தியாவில் ஏறக்குறைய காணாமல் போய், 2005இன் கடைசியில் திரும்பி வந்தது. 2006இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு சுவரைப் பிடித்து நடந்தவர்களை நம் அப்பா அம்மாக்கள் மறந்திருக்கமாட்டார்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது, மூட்டு வலி மாதக்கணக்கில் நின்றது. சிலருக்குக் கைவிரல் மூட்டுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கி, காலையில் எழுந்ததும் இறுக்கம் பிடித்து, அசல் முடக்குவாதம் போலவே இருந்தது. அதே சமயம், உண்மையான முடக்குவாதம் தொடங்கிய சிலரும் "இது சிக்குன்குனியா வலிதான், தானாப் போயிடும்" என்று காத்திருக்கும் அபாயம் வந்தது.

தோல் பதனிடும் ஊர்களில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளம். ஈரத் தோலைத் தூக்கிப் புரட்டுகிறவருக்கும், ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க மேல்தோல் தைக்கிற பெண்ணுக்கும் கைவலி என்பது வேலையின் பாகம். "உழைக்கிற உடம்புல வலி இருக்காதா?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். லீவு போட்டால் சம்பளம் போகும். தைலம், பிளாஸ்திரி, மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை என்று ஆறு மாதம் ஓடிவிடும். முடக்குவாதத்தில் அந்த முதல் சில மாதங்கள்தான் தங்கம். அப்போது மெதோட்ரெக்ஸேட் போன்ற மருந்தைத் தொடங்கினால் மூட்டு அரிப்பைத் தடுக்கலாம். எலும்பு அரிந்த பிறகு எந்த மருந்தும் அதைத் திரும்பக் கட்டாது.

எந்தப் பரிசோதனை, எந்த நாள்

"சீக்கிரமா டெஸ்ட் எடுத்துடு" என்பது பாதி அறிவுரைதான். எந்த டெஸ்ட், எத்தனாவது நாளில் என்பது மறுபாதி. பல காய்ச்சல் பரிசோதனைகள் கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. அது உருவாக நாள் பிடிக்கும். ஸ்க்ரப் டைபஸுக்கான எலிசா ஐ.ஜி.எம். பரிசோதனை முதல் சில நாட்களில் ஒன்றுமில்லை என்று வரலாம், ஒரு வாரம் நெருங்கும்போதுதான் நம்பகம் கூடும். லைம் நோயில் இது இன்னும் தாமதம், சில வாரங்கள். அதனால்தான் அமெரிக்காவிலும் சிவப்பு வட்டம் தெளிவாக இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து கொடுக்கிறார்கள். அங்கும் முதல் மருந்து அதே டாக்ஸிசைக்ளின்தான். இரண்டாம் நாள் எடுத்த சீட்டில் 'நெகட்டிவ்' என்று இருந்தால் 'இன்றைக்கு இன்னும் தெரியவில்லை' என்று மட்டும் பொருள்.

தலைகீழ்ச் சிக்கலும் உண்டு. சின்ன ஊர் லேப்களில் இன்றும் காய்ச்சல் என்றாலே வைடால். 1896இல் வந்த பரிசோதனை. பழைய தொற்று, தடுப்பூசி, வேறு காய்ச்சல் எதுவாக இருந்தாலும் அதில் லேசாகக் கோடு காட்டும். உடனே "டைபாய்டு" என்று சீட்டு. அதற்குக் கொடுக்கும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி ஸ்க்ரப் டைபஸ் கிருமியைத் தொடாது, ஏனென்றால் அந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளே ஒளிந்து வாழ்வது. ஊசி ஏறிக்கொண்டே இருக்கும், நுரையீரலும் சிறுநீரகமும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

மூட்டு வலிக்கு 'ஆர்த்ரைட்டிஸ் பேனல்' என்று ஒரு பொட்டலம் விற்கிறார்கள். அதில் ஆர்.ஏ. ஃபேக்டர் நோயே இல்லாத சிலருக்கும், குறிப்பாக வயதானவர்களுக்கு, பாசிட்டிவ் வரும். நோய் உள்ள சிலருக்கு நெகட்டிவ் வரும். ஆன்டி-சி.சி.பி. அதைவிடக் குறி தவறாதது. எந்தச் சீட்டைவிடவும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது: காலையில் எழுந்ததும் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது, விரலை மடக்க முடிகிறதா, வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறதா?

இணையத்தில் படித்துவிட்டு நேராக லைம் டெஸ்டுக்குப் போகும் இளைஞர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் நோய். பரிசோதனை நூற்றுக்கு 95 தடவை சரி. பத்தாயிரம் பேருக்கும் எடுத்தால் சுமார் 500 பேருக்குப் பொய்யாக பாசிட்டிவ் வரும், உண்மையில் நோயுள்ளவர் ஒரே ஒருவர். அரிதான நோயை எல்லாரிடமும் தேடினால் பயம்தான் அறுவடை. அதே பரிசோதனையை, உண்ணி உள்ள ஊருக்குப் போய்வந்து உடம்பில் வட்டம் கண்டு பிறகு மூட்டு வீங்கியவருக்கு எடுத்தால் பொருள் உண்டு. டெஸ்டுக்கு அர்த்தம் கொடுப்பது கதைதான்.

யாரிடம் போவது

காட்பாடி ஜங்ஷனில் இறங்கும் கூட்டத்தில் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று ஃபைல் பையோடு வருகிறவர்கள் எத்தனையோ பேர். வேலூர் சந்துகளில் லாட்ஜ் பலகைகள் வங்காளத்தில் இருக்கும். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் சேகரித்த எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளோடு ரயிலேறி இறங்கியதும் இந்தக் காட்பாடியில்தான். சி.எம்.சி.யில் நடந்த அந்தப் பரிசோதனையில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது. ஒரு சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க இடம் வேண்டும் என்றால் ஊர் ஊராக இங்கே வந்திருக்கிறார்கள்.

ஆனால் ரயிலேறி வருகிற நோய் வேறு, வரப்பில் பிடிக்கிற நோய் வேறு. ஸ்க்ரப் டைபஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும்போது பலருக்கும் நேரம் கடந்திருக்கும். கடுமையான நிலையில் வந்தவர்களுக்காக சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 சதவீதம் பேர் மோசமான விளைவைச் சந்தித்தார்கள். ஒன்றை மட்டும் கொடுத்தவர்களில் அது 47, 48 சதவீதம். பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் இறப்பு விகிதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு நல்ல மருந்தாலும் முதல் கட்டத்தில் தவறிய நாட்களை முழுசாக ஈடுகட்ட முடிவதில்லை. 2024 மழைக்குப் பிறகும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்குச் சுகாதாரத் துறை எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

ஆகவே முதலில் பார்க்கும் டாக்டர்தான் முக்கியம். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கலாம், இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் இருக்கலாம், தெருமுனைக் கிளினிக்கில் இருக்கலாம். போர்டில் எத்தனை பட்டம் என்பதைவிட நான் கவனிக்கச் சொல்வது வேறு. காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்று கேட்கிறாரா? என்ன வேலை, காடு கழனிக்குப் போனீர்களா என்று கேட்கிறாரா? திரைக்குப் பின்னால், பெண் என்றால் ஒரு நர்ஸைக் கூட வைத்துக்கொண்டு, உடம்பு முழுக்கப் பார்க்கிறாரா? டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும் "ரெண்டு நாள்ல குறையலனா திரும்ப வாங்க" என்று சொல்கிறாரா? ஆறு வாரத்துக்கு மேல் நிற்கும் மூட்டு வீக்கத்துக்கு, வலி மாத்திரையை எழுதிக்கொண்டே போகாமல், மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பச் சீட்டு எழுதுகிறாரா? இவற்றில் எதற்கும் பெரிய கட்டிடம் தேவையில்லை.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. காய்ச்சல் வந்த முதல் நாளை வீட்டுக் காலண்டரில் வட்டமிடலாம். அம்மாவோ பாட்டியோ கழனிக்குப் போய்வந்து காய்ச்சலில் படுத்தால், அக்குள், மார்படி, இடுப்பு நாடா, முழங்கால் மடிப்பு என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். இதை வீட்டுப் பெண்கள் டாக்டரைவிட நன்றாகச் செய்வார்கள். கருப்பாக ஏதாவது இருந்தால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லவேண்டும். ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலுக்கு மூன்றாவது ஊசி போட வந்தால், "டாக்டர், இது ஸ்க்ரப் டைபஸா இருக்குமா?" என்று கேட்டுவிடலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார். ஓல்டு லைமில் இரண்டு தாய்மார்கள் கேட்டதும் இப்படி ஒரு கேள்விதான்.